முற்றத்துக்குத் தார் இடுதல்: மதிப்பீடு எங்கே தொடங்க வேண்டும்?

அரசாங்கப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண்மை விரிவாக்க அலுவலகம், விதைக் கிடங்கு ஆகிய ஒவ்வொன்றின் முன்பும் வண்டிகள் நிற்பதற்கு ஒரு முற்றமும், சாலையிலிருந்து அம்முற்றத்தை அடைவதற்கு ஒரு சிறு பாதையும் தேவைப்படுகின்றன. மழைக்காலத்தில் சேறாகவும் கோடையில் புழுதியாகவும் மாறிவிடும் அவ்விடத்துக்குத் தார் இட வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. சில ஆண்டுகள் முயன்ற பின் ஒரு மானியம் கிடைக்கிறது. அப்பொழுது நிலையத் தலைவரின் மேசைக்கு வந்து சேரும் மதிப்பீட்டில் பல சமயங்களில் ஒரே ஒரு பெருக்கல் கணக்குதான் காணப்படுகிறது: இத்தனை சதுர மீட்டர் பரப்பு, சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய், ஆகவே மொத்தம் இவ்வளவு.

இத்தகைய மதிப்பீட்டைத் தலைமை ஆசிரியரோ களப்பணி அலுவலரோ ஏற்றுக்கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையில் வலியுறுத்தப்படும் கருத்து. தார்த்தளத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை அதன் அடியிலுள்ள மண்ணும், அதன்மேல் விழும் மழைநீர் வெளியேறும் வழியும், பின்னர் ஆண்டுதோறும் செய்யப்படும் மராமத்தும் ஆகும். மேலே பரப்பப்படும் கறுப்புப் படலம் இம்மூன்றுக்கும் அடுத்தபடியாகவே வருகிறது. மதிப்பீடும் இதே வரிசையில் அமைய வேண்டும். பொதுப் பணம் ஒரு நிலையத்துக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. மூன்றாவது மழையில் பெயர்ந்துபோகும் தளத்துக்காக அதைச் செலவிட்டுவிட்டால், மீண்டும் பத்தாண்டுக் காலம் குழந்தைகளும் நோயாளிகளும் குழிகளிலே தேங்கிய நீரைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும்.

தார் என்று நாம் அழைப்பது

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பேச்சு வழக்கில் தார் என்ற ஒரே சொல் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது கிடைப்பது நிலக்கரித் தார். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் எஞ்சுவது பிட்டுமென். இன்று நம் நாட்டுச் சாலைகளுக்குப் பயன்படுவது பிட்டுமெனே. எனவே அதன் விலை உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலையைத் தொடர்ந்து ஏறி இறங்குகிறது. சென்ற ஆண்டு தயாரித்த மதிப்பீட்டை இவ்வாண்டு அப்படியே பயன்படுத்த இயலாமற் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மதிப்பீட்டில் அது தயாரிக்கப்பட்ட தேதியும், எந்த ஆண்டின் விலைப் பட்டியலை அது அனுசரிக்கிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயம் 73, பிட்டுமெனை அதன் பிசுபிசுப்பைக் கொண்டு வி.ஜி. 10, 20, 30, 40 என வகைப்படுத்துகிறது. வெயில் மிகுந்த இடத்துக்குக் கெட்டியான வகையும் குளிர்ந்த இடத்துக்கு இளகிய வகையும் பொருந்தும். ஓரிடத்தின் கோடை வெப்பம், தொடர்ந்த ஏழு நாட்களின் உச்சச் சராசரியாக 38 முதல் 45 பாகை செல்சியஸ் வரை இருந்தால் வி.ஜி. 30 ஏற்றது, 45 பாகையை மீறினால் வி.ஜி. 40. மதிப்பீட்டில் வெறுமனே ‘தார்’ என்று எழுதியிருந்தால், எந்த வகை என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பாரத்தைத் தாங்குவது மண்ணே

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லௌடன் மெக்காடம் (1756–1836) சாலை அமைப்பைப் பற்றிக் கண்டுணர்ந்த உண்மை மிக எளியது. வண்டியின் பாரத்தை இறுதியில் தாங்குவது இயற்கையான நிலமே. அந்நிலத்தை ஈரமின்றி வைத்திருக்கும் வரையில் அது தாங்கும். அவர் அமைத்த சாலைகளில் தார் இல்லை. உடைத்த கல்லைத் திட்டமான அளவில் பரப்பி, நீர் வடிவதற்கு வழி செய்தார், அவ்வளவே. தார் பின்னாளில் வந்து சேர்ந்த ஒரு மூடி. மூடி முக்கியமானதுதான், ஆனால் பாத்திரம் இல்லாமல் மூடியை மட்டும் வாங்குவதில் பயனில்லை.

மண் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. மாளவ பீடபூமி, விதர்ப்பம், மராத்வாடா ஆகிய பகுதிகளின் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பிப் பசையாகிறது. அதன்மேல் நேரடியாகக் கல்லைப் பரப்பினால், ஈரமான களிமண் கற்களின் இடைவெளி வழியே மேலேறிக் கல்லடுக்கையே குலைத்துவிடும். கங்கைச் சமவெளியின் வண்டல் மண் அவ்வாறு உப்புவதில்லை. ஆனால் அங்கே தாழ்ந்த இடங்களில் மழைக்காலத்து நிலத்தடி நீர் மட்டம் தரைக்கு மிக அருகே உயர்ந்துவிடுகிறது. கொங்கணக் கரையின் செம்புரை மண் உறுதியானது. ஆனால் அங்கு பொழியும் பெருமழை வடிகால் இல்லாத எத்தளத்தையும் விட்டுவைப்பதில்லை.

மண்ணின் தாங்குதிறனை அளக்கப் பொறியாளர்கள் கையாளும் முறை, மண்ணை 4 நாட்கள் நீரில் ஊறவைத்து, அதற்குள் ஓர் உருளைக் கம்பியை அழுத்திப் பார்க்கும் சோதனை. கலிபோர்னியாவில் தோன்றியதால் அப்பெயராலேயே அது வழங்குகிறது. கிராமச் சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி நூல், இச்சோதனையில் 2 சதவீதம் பெறும் மண்ணை மிக வலுக்குறைந்தது என்றும், 3 முதல் 4 வரை பெறுவதை வலுக்குறைந்தது என்றும், 10 முதல் 15 வரை பெறுவதை மிக நல்லது என்றும் வகுக்கிறது. ஊறிய கரிசல் மண் பெரும்பாலும் முதலிரு வகைகளிலேயே அடங்கும். அத்தகைய இடத்தில் மணல் அல்லது சரளை விரிப்பு, சுண்ணாம்பு கலந்து மண்ணைத் திருத்துதல் முதலியவற்றுக்கான செலவு மதிப்பீட்டின் முதல் வரியாக வர வேண்டும்.

ஆசிரியர்கள் தம் பள்ளி ஆய்வுக் கூடத்திலேயே செய்யத்தக்க ஒரு சோதனை இருக்கிறது. உலர்த்திப் பொடித்து நுண்சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லிலிட்டர் வரை ஊற்றி, காற்றுக் குமிழிகள் நீங்கக் கலக்கி, 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை, தண்ணீரில் உப்பும். தண்ணீரில் படிந்த மண் 22 மில்லிலிட்டரும் மண்ணெண்ணெயில் படிந்தது 12 மில்லிலிட்டரும் இருப்பதாகக் கொண்டால், வேறுபாடு 10. அதை 12ஆல் வகுத்தால் உப்புதிறன் சுமார் 83 சதவீதம். மத்திய அரசின் சாலைப் பணி விதிகள் 50 சதவீதத்துக்கு மேல் உப்பும் களிமண்ணைக் கரை அமைக்கப் பயன்படுத்தலாகாது என்கின்றன. இச்சோதனை பொறியாளரின் ஆய்வுக்குப் பதிலாகாது. ஆயினும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்தும்.

எத்தகைய வண்டிகள் வரும்?

மதிப்பீட்டுக்கு முன் விடை காணவேண்டிய மற்றொரு வினா, அம்முற்றத்துக்குள் நுழையும் மிகப் பாரமான வண்டி எது என்பது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி நடத்திய பெரிய சோதனையிலிருந்து ஒரு விதி கிடைத்தது. தளத்துக்கு நேரும் சேதம் அச்சின் பாரத்தைப் போல் ஏறத்தாழ நான்காம் மடியில் பெருகுகிறது. 1 டன் பாரமுள்ள அச்சு விளைவிக்கும் சேதத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 10 டன் அச்சு விளைவிப்பது சுமார் 10,000. ஆகையால் நாள்தோறும் வந்து போகும் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் லாரி, உர மூட்டை ஏற்றிய லாரி, பள்ளிப் பேருந்து ஆகியவையே கனத்தை நிர்ணயிக்கும். அவை வரும் வழியையும் திரும்பும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து, அங்கே மட்டும் அடித்தளத்தைக் கனமாக அமைத்து, மற்ற இடத்தில் சிக்கனம் செய்யலாம்.

நிற்கும் வண்டியால் நேரும் தொல்லை வேறு வகையானது. பிட்டுமென் மிக மெதுவாக ஓடும் திரவத்தைப் போன்றது. நொடிப்பொழுதில் கடந்து செல்லும் பாரத்தைத் தாங்கும் தளம், வெயிலில் மணிக்கணக்காக ஓரிடத்தில் நிற்கும் பாரத்துக்கு இளகிக்கொடுக்கும். மோட்டார் சைக்கிளின் பக்கத் தாங்கி வைகாசி வெயிலில் தார்த்தளத்தில் குழி பறிப்பதை யாவரும் கண்டிருப்பர். மேலும் எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெயும் டீசலும் பிட்டுமெனைக் கரைக்கின்றன. எனவே வண்டிகள் ஓடும் பாதைக்குத் தாரும், நிற்கும் இடத்துக்குச் சிமிட்டிக் கட்டைகள் பதித்த தளமும் என்று பிரித்துக்கொள்வது பல இடங்களில் உசிதமாகும். இருவகைக்கும் தனித்தனியே விலை கேட்டு ஒப்பிட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள முற்றம் ஒன்றையும், 40 மீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள அணுகுபாதை ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். முற்றம் 600 சதுர மீட்டர், பாதை 150 சதுர மீட்டர்; மொத்தம் 750. நடுத்தரமான மண்ணின்மேல் 15 சென்டிமீட்டர் சரளைப் படுகையும், அதன்மேல் 7.5 சென்டிமீட்டர் வீதம் இரு அடுக்குகளாகத் தண்ணீர் விட்டு உருட்டிய கப்பியும், அதன்மேல் 2 சென்டிமீட்டர் தார்ச்சல்லி விரிப்பும் இடுவதாகக் கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. ஆதலால் அளவுகளை மட்டும் இங்கே காண்போம்.

1. மண் வெட்டி எடுத்தல்: மொத்தக் கனம் 32 சென்டிமீட்டர். தரைமட்டம் உயராமல் இருக்க வேண்டுமாயின் 240 கன மீட்டர் மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். இவ்வரி இல்லாத மதிப்பீட்டின்படி வேலை நடந்தால் முற்றம் 32 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். மழைநீர் வகுப்பறைக்குள் புகும்.

2. சரளைப் படுகை: இறுகிய நிலையில் 112.5 கன மீட்டர்.

3. கப்பிப் படுகை: இறுகிய நிலையில் மேலும் 112.5 கன மீட்டர். 7.5 சென்டிமீட்டர் அடுக்கு ஒன்றுக்கு, பணி விதிகளின்படி 10 சதுர மீட்டருக்கு 0.91 முதல் 1.07 கன மீட்டர் வரை உதிரிக் கப்பி தேவை. ஆகவே இரு அடுக்குகளுக்கும் சுமார் 150 கன மீட்டர் உதிரிக் கப்பி வந்திறங்க வேண்டும். லாரியில் அளந்த கன அளவும் உருட்டிய பின் உள்ள கன அளவும் வேறு வேறு என்பதை மறந்துவிடுவதால் விளையும் பூசல்கள் அநேகம்.

4. பிரைம் கோட் எனப்படும் முதற்பூச்சு: சதுர மீட்டருக்கு 0.8 கிலோ பால்மத் தார் வீதம் 600 கிலோ. இது கப்பியின் துவாரங்களில் இறங்கி நீரைத் தடுக்கிறது.

5. டேக் கோட் எனப்படும் ஒட்டுப் பூச்சு: சதுர மீட்டருக்கு 0.25 கிலோ வீதம் சுமார் 190 கிலோ.

6. தார்ச்சல்லி விரிப்பு: 10 சதுர மீட்டருக்குச் சல்லி 0.27 கன மீட்டர், பிட்டுமென் 14.6 கிலோ. ஆக, 20 கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட சல்லியும் 1,095 கிலோ பிட்டுமெனும்.

7. சீல் கோட் எனப்படும் மூடு பூச்சு: கலவையாக இடும் வகைக்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ வீதம் 510 கிலோ பிட்டுமென்.

இவ்வளவுகளை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கண்ணுக்குத் தெரியும் தார் விரிப்பின் கன அளவு 15 கன மீட்டர். கண்ணுக்குத் தெரியாத சரளையும் கப்பியும் சேர்ந்து 225 கன மீட்டர். அஃதாவது, மேலிருப்பதைப்போல் அடியிலிருப்பது 15 மடங்கு. ஒப்பந்தக்காரர் எவரேனும் மிகக் குறைந்த தொகை கேட்டால், குறைவு பெரும்பாலும் இந்த 225 கன மீட்டரிலேதான் ஏற்பட்டிருக்கும். திறப்பு விழாவன்று அதைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது, மழையே கண்டுபிடிக்கும்.

2 சென்டிமீட்டர் விரிப்பு தவறானது என்று கொள்ளலாகாது. நாடெங்கும் கிராமச் சாலைகளில் அது நன்கு பயன்பட்டு வருகிறது. ஆனால் அது நீரையும் தேய்மானத்தையும் தடுக்கும் மேற்பூச்சே. பாரம் தாங்கும் வலிமை அதற்கு இருப்பதாகப் பொறியியல் கணக்கில் கொள்வதில்லை. உறுதியான கப்பியின்மேல் அது நிலைக்கும். புழுதித் தரையின்மேல் நிலைக்காது.

தண்ணீர்க் கணக்கு

மேற்கூறிய 750 சதுர மீட்டர் பரப்பின்மேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே சேரும் நீர் 37,500 லிட்டர். முன்பு அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சியது. தார் இட்டபின் ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடும். அது எங்கே போகும் என்ற வினாவுக்கு மதிப்பீட்டில் விடை இல்லையெனில், அந்த நீர் தளத்தின் ஓரத்தில் தங்கி, அடியிலுள்ள மண்ணில் ஊறி, முதலில் விளிம்புகளையும் பிறகு நடுப்பகுதியையும் அழித்துவிடும்.

மெல்லிய தார்த்தளத்துக்கு 50க்கு 1 என்ற சரிவு வேண்டும். மழை மிகுந்த நாட்டில் 40க்கு 1. முற்றத்தின் 20 மீட்டர் அகலத்தை ஒரே பக்கமாகச் சரித்தால் இரு ஓரங்களுக்குமிடையே 40 சென்டிமீட்டர் மட்ட வேறுபாடு தேவை. நடுவை உயர்த்தி இருபுறமும் சரித்தால் 20 சென்டிமீட்டர் போதும். இதைத் தீர்மானிப்பதற்கு வேண்டியது நீண்ட ரப்பர்க் குழாயும் அதில் நிரப்பிய தண்ணீருமே. கட்டடத்தின் வாயிற்படி, சாலை ஓரம், அருகிலுள்ள வாய்க்கால் ஆகியவற்றின் மட்டங்களை அதைக்கொண்டு குறித்துவிடலாம். எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே இவ்வளவையைச் செய்விக்கலாம். அவர்களுக்கு அது சரிவு, விகிதம், பரப்பு ஆகியவற்றில் ஒரு பாடமாகவும் அமையும்.

ஓர வாய்க்கால், குறுக்குக் குழாய், வழிந்தோடும் நீரைப் பூமிக்குள் செலுத்தும் உறிஞ்சு குழி ஆகியவை மதிப்பீட்டில் தனி வரிகளாக இடம்பெற வேண்டும். எண்ணெய் கலந்த நீர் குடிநீர்க் கிணற்றருகே இறங்காதவாறு குழிக்கு இடம் தேர்தல் அவசியம். மரங்களைச் சுற்றித் தார் இடாமல் வட்டமாக இடம் விடுவதும் செலவைக் குறைப்பதோடு மரத்தையும் காக்கும்.

நீருக்கும் தாருக்கும் உள்ள பகை, கல்லின் இயல்பையும் பொறுத்தது. தக்காணத்தின் கருங்கல்லாகிய எரிமலைப் பாறையில் பிட்டுமென் நன்கு ஒட்டுகிறது. படிகக்கல் மிகுந்த பாறைகளில் நீர் புகுந்து தாரை உரித்துவிடும் அபாயம் அதிகம். அத்தகைய கல்லே கிடைக்குமிடத்தில், ஒட்டுதிறனை அதிகரிக்கும் பொருளுக்கான சிறு செலவையும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், துண்டாக்கிய கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியின்மேல் தூவிப் படலமாகப் படியச் செய்து, பின்னர் பிட்டுமெனைக் கலக்கின்றனர். இம்முறைக்கு இந்தியச் சாலைப் பேரவை 2013இல் வழிகாட்டி வெளியிட்டது. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இது நீரால் தார் உரிவதைக் குறைக்கும். எனினும் வாய்க்கால் வெட்டும் செலவுக்கு இது மாற்றாகாது.

சிறிய வேலைக்குரிய தனிச் செலவுகள்

நெடுஞ்சாலை வேலையின் சதுர மீட்டர் விலையைச் சிறு முற்றத்துக்கு அப்படியே பொருத்துவது பிழை. உருளை எந்திரத்தையும் கலவை எந்திரத்தையும் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் செலவு, 750 சதுர மீட்டருக்கும் 7,500 சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கலவை நிலையம் தொலைவில் இருப்பின் கலவை வழியிலேயே ஆறிவிடும். வி.ஜி. 30 வகையில் கலவை 150 முதல் 165 பாகை வெப்பத்தில் தயாராகி, பரப்பும்போது 140 பாகைக்குக் குறையாமலும், உருட்டி முடிக்கும்போது 90 பாகைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மெல்லிய விரிப்பு மிக விரைவில் ஆறும். ஆறியதை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது.

இதற்கு ஏற்ற பரிகாரம் கூட்டு முயற்சி. ஒரே வட்டாரத்திலுள்ள பள்ளி, சுகாதார நிலையம், பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் சிறு வேலைகளை ஒன்று சேர்த்து, ஒரே காலத்தில் ஒரே ஒப்பந்தத்தில் முடித்தால் எந்திரச் செலவு பகிர்ந்துகொள்ளப்படும். நிலையத் தலைவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் தனித்தனியே மானியம் கேட்பதனால் இந்தச் சிக்கனம் கைநழுவிப் போகிறது.

காலமும் நிதியாண்டும்

தரை ஈரமாக இருக்கும்போதும், மழை, மூடுபனி, புழுதிக் காற்று ஆகியவை உள்ளபோதும், காற்றின் வெப்பம் 10 பாகைக்குக் குறைந்தபோதும் சூடான தார் வேலை செய்யலாகாது என்பது விதி. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்கழி, தை மாதக் காலை வேளைகளில் இவ்விதி இடையூறாகும். மேகாலயத்தில் மழையற்ற மாதங்களே சில. அத்தகைய இடங்களில், சூடாக்காமல் பால்மத் தாரைக் கொண்டு கலக்கும் குளிர்முறை உகந்ததாகலாம்.

நிதியாண்டு மார்ச்சு 31ஆம் தேதி முடிகிறது. மார்ச்சு மாத வெயில் தார் வேலைக்குப் பொதுவாகப் பாதகமானதன்று. பாதகம் கப்பிப் படுகைக்கே. அதை இறுக்கத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். கிணறுகள் வற்றத் தொடங்கும் மாதத்தில் அது கிடைப்பதரிது. அன்றியும், கப்பி இறுகி உலர்வதற்கு வேண்டிய நாட்களும் கடைசி வாரத்தில் இரா. ஆகவே மண்ணும் கப்பியும் மழை முடிந்த பின் கார்த்திகை, மார்கழியிலும், தார் மாசி, பங்குனியிலும் என்று வேலையைப் பிரித்து, அனுமதிக் கோப்புகளை அதற்கேற்ப முன்கூட்டியே நகர்த்த வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், நிர்வாக அனுமதியும் செலவு அனுமதியும் விரிவான வரைபடமும் மதிப்பீடும் அங்கீகரிக்கப்படாமல் எவ்வேலையும் தொடங்கலாகாது என்கின்றன. இதை வெறும் தடையாகக் கருதாமல், மண் சோதனைக்கும் மட்டம் பார்ப்பதற்கும் கிடைத்த அவகாசமாகக் கொள்வது நலம்.

மராமத்துக்குப் பணம்

தார்த்தளம் இட்ட நாள் முதல் முதுமையடைகிறது. வெயிலும் காற்றும் பிட்டுமெனை உலர்த்தி நொறுங்கச் செய்கின்றன. மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே நீர் இறங்குகிறது. அந்நிலையில் வெடிப்பை அடைக்க ஆகும் செலவு சொற்பம். குழி விழுந்தபின் ஆகும் செலவு அதிகம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு முற்றத்துக்கு 100 பங்கு பணம் செலவிட்டு, அது 3 ஆண்டுகளில் அழிந்துவிட்டால் ஆண்டுக்கு 33 பங்கு செலவாகிறது. வடிகாலோடும் நல்ல அடித்தளத்தோடும் 150 பங்கு செலவிட்டு, ஆண்டுதோறும் 3 பங்கு மராமத்துக்கு ஒதுக்கி, 9 ஆண்டுகள் நிலைத்தால் மொத்தம் 177. ஆண்டுக்கு 20 பங்குக்கும் குறைவு. எண்கள் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் இவ்விதமாக ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்காமல் குறைந்த தொகையைச் சிக்கனம் என்று கருதிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை அமைத்த ஒப்பந்தக்காரரே 5 ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. சிறு முற்றங்களுக்கும் இதே முறையைக் கையாளலாகாதா? இதற்கு அனுமதி கோரி எழுத வேண்டியவர்கள் நிலையத் தலைவர்களே.

பணம் போதாவிட்டால்

கிடைத்த மானியம் மேற்கூறிய அனைத்துக்கும் போதாது என்பதே பல இடங்களின் நிலைமை. அப்போது கனத்தைக் குறைத்து முழுப் பரப்பையும் கறுப்பாக்க வேண்டும் என்ற ஆசை எழும். அது தவறான வழி. பரப்பைக் குறைத்துக் கனத்தைக் காப்பதே சரி. பாரவண்டி செல்லும் பாதையையும் வாயிலையும் மட்டும் செம்மையாக அமைத்து, மீதியைச் சரிவு கொடுத்த செம்மண் சரளையாக விட்டுவைக்கலாம். அல்லது முதலாண்டில் வடிகாலையும் அடித்தளத்தையும் முடித்து, கப்பியின்மேல் சரளைப் பொடி தூவிக் காத்து, அடுத்த ஆண்டில் தளர்ந்த இடங்களைச் சீர் செய்து தார் இடலாம். சரளை முற்றம் எவருக்கும் அவமானமன்று. பெயர்ந்த தார்முற்றமே பொதுப் பணத்துக்கு நேர்ந்த நஷ்டம்.

கையெழுத்திடும் முன்

இவையெல்லாம் பொறியாளரின் பணி, எங்களுக்கு இதில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வரைபடமும் அளவும் பொறியாளருடையவையே. ஆனால் தேவையை எழுதி அனுப்புபவரும், வேலை முடிந்தது என்று சான்றளிக்க அழைக்கப்படுபவரும், மழைநாளில் அங்கே நின்று பார்ப்பவரும் நிலையத்தைச் சேர்ந்தவர்களே. வேலை நடக்கும்போது அவர்கள் செய்யத்தக்க சில காரியங்கள் உள்ளன. கப்பி பரப்புமுன்பும் தார் இடுமுன்பும் 30 சென்டிமீட்டர் சதுரக் குழி ஒன்று தோண்டி, கனத்தை அளவுகோலால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். 3 மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தளத்தின்மேல் வைத்து மேடு பள்ளம் காணலாம். வேலை முடிந்தபின் நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றி அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இவற்றைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவைத்தல் அவசியம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தார் காய்ச்சும் வேலையைப் பள்ளி விடுமுறை நாட்களில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அருகே விடலாகாது. கொதிக்கும் தாரில் சிறிது நீர் பட்டாலும் அது பொங்கிச் சிதறும். தார் பட்டுச் சுட்டுவிட்டால் அவ்விடத்தைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் வைத்திருந்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஒட்டிய தாரை உரித்தெடுக்க முயலக் கூடாது.

ஆகவே அடுத்த முறை மதிப்பீடு மேசைக்கு வரும்போது, மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன்பு ஐந்து வினாக்களைக் கேட்போமாக: மண்ணைச் சோதித்தாயிற்றா? பாரமான வண்டி எது என்று தீர்மானித்தாயிற்றா? மழைநீர் எங்கே போகிறது? வெட்டிய மண்ணும் இறுகிய கப்பியும் தனித்தனியே கணக்கிடப்பட்டுள்ளனவா? அடுத்த ஐந்தாண்டு மராமத்துக்குப் பணம் எங்கே? ஐந்துக்கும் எழுத்து மூலம் விடை கிடைத்தபின் கையெழுத்திடலாம். விடை கிடைக்காவிடில் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புவதே பொறுப்புள்ள செயலாகும். அதனால் ஏற்படும் சில வாரத் தாமதத்தை முற்றம் தாங்கிக்கொள்ளும்.